பழைய எஸ்எல்கே ஆட்டோமேட்டிக்கில் பேடில் ஷிஃப்டர் வைக்கலாமா?

காட்பாடிக்காரன்

வணக்கம். ஐப்பசியில் ஒரு பழைய மெர்சிடிஸ் எஸ்எல்கே 350 வாங்கினேன். 2007 மாடல், மூன்றரை லிட்டர் வி6, 272 குதிரைத்திறன், ஏழு கியர் ஆட்டோமேட்டிக். சென்னையில் ஒருவர் உறை போட்டு மூடி வைத்திருந்த வண்டி, 58,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. இரண்டு பேர் உட்காரும் வண்டிக்கு இவ்வளவு காசா என்று அம்மா கேட்காத நாள் இல்லை, அது இருக்கட்டும்.

என் வண்டி ஸ்டீயரிங்கில் பேடில், அதாவது வீலுக்குப் பின்னால் விரலால் இழுத்து கியர் மாற்றும் தகடு, கிடையாது. கையால் கியர் மாற்ற வேண்டுமென்றால் டி-யில் (டிரைவ்) இருக்கும் லீவரை இடது பக்கம் தட்டினால் இறங்கும், வலது பக்கம் தட்டினால் ஏறும். போன மாதம் ஏலகிரிக்குப் போனேன். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் காலை எடுத்தால் வண்டி பாட்டுக்கு மூன்றாவது கியருக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது, வளைவு முடிந்து மிதித்தால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இரண்டாவதுக்கு இறங்கிப் பொத்தென்று தள்ளுகிறது. பின்சக்கரம் இழுக்கும் வண்டி, அன்றைக்கு மழை ஈரம் வேறு. ஒரு வளைவில் பின்பக்கம் லேசாக நழுவியது. பக்கத்தில் இருந்த மச்சான் அங்கே மூடிய வாயை மேலே படகுத்துறையில்தான் திறந்தான்.

அதனால் பேடில் வைக்கலாம் என்று பார்க்கிறேன். சத்துவாச்சாரியில் ஒரு கடையில் அலுமினியம் பேடில் 2,500 ரூபாய், அரை மணி நேரத்தில் ஒட்டித் தருகிறேன் என்கிறார்கள். சென்னையில் ஒரு பட்டறையில் ஸ்டீயரிங்கையே மாற்றி, வண்டிக் கம்ப்யூட்டருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க கோடிங் செய்ய வேண்டும், 1 லட்சத்து 20 ஆயிரம் ஆகும் என்கிறார்கள். வயரே இல்லாத கிட் ஒன்றும் இணையத்தில் விற்கிறது. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பன்னிரண்டு வோல்ட் (ராணிப்பேட்டை)

தம்பி, அந்த 2,500 ரூபாயை முதலில் பத்திரமாக வை. அவர்கள் காட்டியது பேடில் இல்லை, பேடிலுக்கு மேலே ஒட்டும் தகடு. ஏற்கனவே பேடில் உள்ள வண்டியில் விரலுக்கு எட்டவில்லை என்று நீளம் கூட்டுவதற்காக விற்கிற சாமான். உன் வண்டியில் ஒட்டினால் பார்க்க அழகாக இருக்கும், ஆயுள் முழுக்க இழுத்தாலும் ஒரு கியர்கூட மாறாது.

பேடில் என்பது காலிங் பெல் மாதிரி ஒரு ஸ்விட்ச், அவ்வளவுதான். நீ அழுத்தினால் ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் மாட்யூலுக்குச் செய்தி போகும், அது கேன் பஸ் (வண்டிக்குள் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் வயர்) வழியாக கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரிடம் சொல்லும், கதவைத் திறப்பதா வேண்டாமா என்பது உள்ளே இருப்பவர் இஷ்டம். ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) எகிறும் என்று தெரிந்தால் நீ எத்தனை முறை இழுத்தாலும் கீழ் கியர் தராது. அதனால் ஸ்டீயரிங்கை மாற்றினால் மட்டும் போதாது, அந்த மாட்யூலுக்கு இந்த ஸ்விட்ச்சைப் படிக்கத் தெரியுமா, கியர்பாக்ஸில் எம் என்ற மேனுவல் மோட் திறக்குமா என்பதை உன் வண்டி சேஸிஸ் நம்பரைப் போட்டு ஸ்கேனரில் பார்த்த பிறகுதான் சாமானுக்கே காசு கொடுக்க வேண்டும். சென்னைக்காரர் கோடிங் பற்றிப் பேசுகிறார் என்றால் விஷயம் தெரிந்தவர்தான். விலையைக் குறைத்துப் பேசு, ஆளை மாற்றாதே.

ஒன்று மட்டும் கண்டிப்பாகக் கேள். ஸ்டீயரிங்கைக் கழற்றுவது என்றால் ஏர்பேக்கைக் கழற்றுவது. சக்கரம் நேராக இருக்க வேண்டும், பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டும். ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டரில் யாராவது மல்டிமீட்டர் முனையை வைத்தால் அந்த ஆளிடம் வண்டியை விடாதே, அந்தச் சின்னக் கரண்ட்டுக்கே அது வெடிக்கலாம். உள்ளே சுருள் சுருளாக ஒரு பட்டை கேபிள் இருக்கும், வீல் சுற்றும்போது கூடவே சுருண்டு விரியும். அதை நடுவில் நிறுத்தாமல் மாட்டினால் ஒரு பக்கம் முழுசாக ஒடிக்கும்போது அறுந்துவிடும். ஹாரனும் போகும், ஏர்பேக்கும் போகும்.

வாணியம்பாடி பாய்

வோல்ட் அண்ணன் சொன்ன சுருள் கேபிள் கதை என் கதைதான்.

என்னிடம் இருந்தது பழைய பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், முன்னும் பின்னும் தட்டும் லீவர் உள்ள ஆட்டோமேட்டிக். அதில் வேலை இதைவிட சுலபம், லீவருக்குக் கீழே இருக்கும் இரண்டு சின்ன ஸ்விட்ச்சுகளுக்கு இணையாக வயர் இழுத்து பேடிலில் கொடுத்தால் போதும், நாம் அழுத்துவது லீவரா பேடிலா என்று கியர்பாக்ஸுக்குத் தெரியாது. லீவர் எம் பக்கம் இருந்தால்தான் வேலை செய்யும், டி-யில் இருக்கும்போது சும்மா கிடக்கும். இது எல்லாம் சரியாகத்தான் போனது. பேடிலை வீலில் மாட்டினார்கள், வயரை சுருள் கேபிள் பக்கமாக இழுத்தார்கள், பத்தாவது நாள் ஏர்பேக் விளக்கு எரிந்தது. திரும்பப் போனால் அந்தக் கடைக்காரர் ஒரு ரெசிஸ்டரை வைத்து விளக்கை அணைத்துவிட்டு, சரியாகிவிட்டது பாய் என்றார். நானும் நம்பி நான்கு மாதம் ஓட்டினேன். ஆம்பூரில் வேறொரு எலக்ட்ரீஷியன் திறந்து பார்த்துவிட்டு, இடித்தால் உங்கள் பக்கம் பலூன் வராது என்று சொன்னபோது பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அன்றைக்கு இறங்கவில்லை.

பிறகு வீலில் வேண்டாம் என்று ஸ்டீயரிங் தண்டின் மூடியில், வைப்பர் லீவருக்குப் பின்னால், அசையாமல் நிற்கிற மாதிரி மாட்டினோம். வீலுக்குள் ஒரு வயர்கூடப் போகாது. மலை ஏறும்போதுதான் அதன் அருமை தெரிந்தது. கொண்டை ஊசியில் ஸ்டீயரிங்கை அரைச் சுற்று ஒடிக்கிறோம் இல்லையா, வீலோடு சுற்றும் பேடில் அப்போது எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இடது கை பேடில் வலது பக்கம் தலைகீழாக நிற்கும். ஏற்றுவது எது இறக்குவது எது என்று தேடுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். தண்டில் நிற்பது எப்போதும் அதே இடத்தில் இருக்கும். ஃபெராரியும் மிட்சுபிஷி எவோ 10-ம் பேடிலைத் தண்டில் வைத்தார்கள்.

வயர் இல்லாத கிட் வேண்டாம். பேட்டரி தீர்ந்தால் எங்கே தீரும் என்று சொல்ல முடியாது.

பாகாயம் பெருசு

எல்லோரும் ஸ்விட்ச்சைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பி எழுதியதில் எனக்கு இடித்தது வேறு. "கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு பொத்தென்று தள்ளுகிறது." 58,000 கிலோமீட்டர், பதினெட்டு வருஷத்துக்கும் மேல். கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பில் இருக்கிறதா? உறை போட்டு மூடி வைத்த வண்டியில் யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள், ஓடவே இல்லையே எதற்கு மாற்ற வேண்டும் என்பார்கள்.

உன் கியர்பாக்ஸ் 722.9 மாடல். அதன் கம்ப்யூட்டர் தனியாக டப்பாவில் இல்லை, ஆயிலை கியர்களுக்குத் திருப்பிவிடும் வால்வ் பாடியோடு சேர்ந்து அதே ஆயிலில் முங்கிக் கிடக்கிறது, வேக சென்சார்களும் அதிலேயே. கத்திரியில் நம்மூர் 42 டிகிரியில் வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்றுவிட்டு, நேராகப் போய் மலை ஏறினால் அந்த ஆயில் என்ன பாடுபடும்? சென்சார் போனால் வண்டி ஒரே கியரில் முடங்கிவிடும், புதுசு வாங்கினால் அதை வண்டியோடு சேர்க்க மறுபடி ஆன்லைன் கோடிங். பேடிலுக்கு வைத்த காசு அங்கே காணாமல் போகும். முதலில் ஆயில், ஃபில்டர், பான் கேஸ்கெட். 2007 என்றால் சிவப்பு ஆயில், 236.14 ஸ்பெக். பின்னால் வந்த வண்டிகளுக்கான நீல ஆயிலை ஊற்றிவிடப் போகிறார்கள், பக்கத்தில் நின்று பார். அளவும் குத்துமதிப்பாகப் பார்க்கக் கூடாது, ஆயில் 45 டிகிரி சூட்டில் இருக்கும்போது பார்க்க வேண்டும், ஸ்கேனரில் அந்தச் சூடு தெரியும்.

அப்புறம் பேடில் வைத்தால் கியர் வேகமாக மாறும் என்று நினைப்பு இருந்தால் அதை விட்டுவிடு. 1989-ல் பிரேசிலில் மான்செல் ஃபெராரியில் ஜெயித்தாரே, ஃபார்முலா 1-ல் பேடில் ஓட்டிய முதல் ஓட்டம் அதுதான், நடுவில் பிட்டில் நிறுத்தி ஸ்டீயரிங் வீலையே மாற்றினார்கள், அது தனிக் கதை. அந்தப் பேடிலுக்குப் பின்னால் இருந்தது கிளட்ச் வைத்த கியர்பாக்ஸ், ஹைட்ராலிக் கை வைத்து கியரைத் தள்ளும். 1997-ல் ஃபெராரி எஃப்355-ல் பேடில் ரோட்டுக்கு வந்ததும் அப்படித்தான். உன்னுடையது டார்க் கன்வர்ட்டர், கிளட்ச்சுக்குப் பதில் ஆயில் வழியாக இழுவையைக் கடத்துவது. லீவரைத் தட்டினாலும் பேடிலை இழுத்தாலும் கியர் அதே வேகத்தில்தான் மாறும். மிச்சமாவது, கையை வீலிலிருந்து எடுக்க வேண்டாம் என்பது ஒன்றுதான். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் அது பெரிய விஷயம். காட்பாடி மேம்பாலத்தில் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. லீவரை இடது பக்கம் தட்டினால் 3, 2 என்று காட்டுகிறதே, அது அந்த கியரில் பூட்டுவது இல்லை, அதற்கு மேலே போகாதே என்று எல்லை போடுவது. வளைவுக்கு முன்னால், நடுவில் இல்லை, முன்னால், நேராக இருக்கும்போதே 2-க்குத் தட்டிவிட்டு விடு. அது மூன்றாவதுக்குப் போகாது. மேலே வந்ததும் லீவரை வலது பக்கம் பிடித்து வைத்தால் டி-க்குத் திரும்பிவிடும். உன் வண்டியில் ஏற்கனவே இருப்பதை ஒரு நாள் முழுசாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு வா.

காட்பாடிக்காரன்

பெருசு ஐயா, பில் இல்லை. வண்டியை விற்றவரிடம் போன் போட்டுக் கேட்டேன், "அதெல்லாம் மாற்ற வேண்டியதில்லைங்க, சீல் பண்ணது" என்றார். போன வாரம் மாற்றிவிட்டேன். பழைய ஆயில் காபி டிக்காஷன் நிறத்தில் வந்தது. சிவப்புதான் ஊற்றினார்கள், நீங்கள் சொன்ன மாதிரி பக்கத்தில் நின்றேன், மெக்கானிக்குக் கொஞ்சம் எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் செட்டியப்பனூர் வழியாகத் திரும்பவும் ஏலகிரி. 14 வளைவிலும் முன்னாலேயே 2-க்குத் தட்டிவிட்டுப் போனேன். அந்தப் பொத் இப்போது முக்கால்வாசி இல்லை. முதல் நான்கைந்து வளைவில் கை தானாக லீவரைத் தேடியது, பிறகு பழகிவிட்டது. மச்சான் வரமாட்டேன் என்றுவிட்டான்.

ஆனால் மறைக்காமல் சொல்கிறேன், பேடில் ஆசை போகவில்லை. பாய் சொன்ன தண்டில் நிற்கும் மாதிரி என் வண்டிக்குச் செய்ய முடியுமா வோல்ட் அண்ணா? லீவர் ஸ்விட்ச்சுக்கு இணையாக இழுக்கலாமா?

பன்னிரண்டு வோல்ட் (ராணிப்பேட்டை)

பாய் வண்டி மாதிரி நேரடியாக இழுக்க வராது தம்பி. உன் வண்டியில் லீவருக்குக் கீழே ஒரு எலக்ட்ரானிக் மாட்யூல் இருக்கிறது, தட்டியதை அதுவே கேன் பஸ்ஸில் சொல்கிறது. அதைத் திறந்து உள்ளே பற்றவைத்தால் போனால் போகிற சாமான் இல்லை. வேண்டுமென்றால் சென்னைக்காரரிடம் சேஸிஸ் நம்பர் கொடுத்து எம் மோட் திறக்குமா என்று மட்டும் எழுத்தில் வாங்கு. திறக்கும் என்றால் பேடிலோடு வந்த கம்பெனி ஸ்டீயரிங்காகவே தேடலாம், ஏர்பேக் கனெக்டர் உன்னுடையதோடு பொருந்துகிறதா என்று பார்த்து வாங்கு. இன்சூரன்ஸ்காரருக்கும் ஒரு மெயில் போட்டுவிடு.

வண்டியை ஒரு நாள் இந்தப் பக்கம் கொண்டுவா, ஸ்கேனர் என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை வேண்டாம், அன்றைக்கு லாரிக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள்.