நெக்ரோனி காக்டெய்ல் கசாயம் மாதிரி இருக்கு, எங்க பிழை?

குறிஞ்சி (நுவரெலியா):
கம்பாரி (இத்தாலியக் கசப்பு மது), ஸ்வீட் வெர்மூத் (மூலிகை போட்ட இனிப்பு வைன்), ஜின்னுக்குப் பதிலா தென்னஞ்சாராயம் மூனும் 30 மில்லி வீதம் கிளாஸ்லயே ஊத்தி, தோடம்பழத் துண்டு ஒன்னு போட்டேன். இங்க உள்ள குளிருக்கு ஐஸ் போடல. வெர்மூத் போத்தல் திறந்து நாலு மாசம், அலுமாரியிலதான் இருக்கு. குடிச்சா கசப்பு மட்டுந்தான் தொண்டையில நிக்குது. சீனி கூட்டவா?

சாரல்:
சீனி வேணாம். ஐஸ் இல்லாததுதான் முதல் பிழை. ஐஸ் கரைஞ்சு வர்ற தண்ணியும் நெக்ரோனியில ஒரு பங்கு. 90 மில்லிக்கு ஏறக்குறைய 20 மில்லி சேரணும், அப்பதான் கசப்பு விரிஞ்சு தோடம்பழத் தோல் வாசமும் மூலிகை வாசமும் தெரியும். அறை 15 பாகைல இருந்தாலும் பானம் 0 பாகைக்குக் கிட்டப் போகணும். பெரிய கிளாஸ் நிறைய கெட்டியான ஐஸ் போட்டு, நீளக் கரண்டியால 30 செக்கன் சுத்துங்க. குலுக்காதீங்க, கலங்கிரும். வெளிப்பக்கம் வேர்த்து விரல் சில்லிட்டா வடிச்சு, புது ஐஸ் மேல ஊத்துங்க.

அந்த வெர்மூத்தை இனி சமையலுக்கு வச்சுக்கோங்க. அது வைன், காத்துப்பட்டா புளிச்சு சப்புன்னு ஆகிரும். அதோட இனிப்பும் வாசமும் போனா கம்பாரிய தாங்க ஆளில்ல. திறந்ததும் பிரிட்ஜ்ல வச்சு ரெண்டு மாசத்துக்குள்ள முடிக்கணும். கம்பாரி அலுமாரியிலயே இருக்கலாம்.

ஊவாக்காரன்:
அண்ணே சொன்னது சரி. அளவும் மாத்தணும். நம்ம சாராயம் பெரும்பாலும் ஜின்னை விட வீரியம் குறைவு, ஜின்ல வர்ற ஜூனிபர் காய் வாசமும் இல்ல. சம பங்குல கம்பாரி அத அமுக்கிரும். சாராயம் 40, மத்த ரெண்டும் 20 போட்டுப் பாருங்க.

துண்டுக்குப் பதிலா தோலை மட்டும் சீவுங்க. உள்ள இருக்கிற வெள்ளைச் சதை தனியாவே கசக்கும். பிபிலைத் தோடம்பழத்தோட பச்சைத் தோலும் நல்லது. வெளிப்பக்கத்தை கிளாஸ் பக்கம் திருப்பி முறுக்கினா எண்ணெய் பூவா மேல தெறிக்கும். 80 மில்லி தண்ணியில 20 கிராம் உப்பு கரைச்சு, அந்த உப்புத்தண்ணி ரெண்டு சொட்டு கிளாஸ்ல விட்டாலும் கசப்பு அடங்கும்.

குறிஞ்சி:
ஆறின தேத்தண்ணி சேர்க்கலாமா?

சாரல்:
கொதிக்க வச்சதுன்னா வேணாம். கசப்புக்கு மேல துவர்ப்பும் ஏறி நாக்கு வறண்டுரும். 5 கிராம் தேயிலைய 500 மில்லி பச்சைத்தண்ணியில ராத்திரி பிரிட்ஜ்ல ஊற வச்சு வடிங்க. அமெரிக்கானோவுக்கு (காப்பி இல்ல, கம்பாரியும் வெர்மூத்தும் சோடாவோட சேர்ற காக்டெய்ல்) அது பொருந்தும்: கம்பாரி 30, வெர்மூத் 30, தேத்தண்ணி 30, மேல சில்லுன்னு சோடா 60. கசப்பு பழகாத நாக்குக்கு நெக்ரோனிக்கு முந்தி இதுதான் நல்லது. முதல் மிடறை வச்சு முடிவு பண்ணாதீங்க, கூட உப்புப் போட்ட கச்சான் வச்சுக்கோங்க.