வாரகம்பா அணையை உயர்த்தாமல் விட்டது சரியா?

கேள்வி: சிட்னிக்கு மேற்கே உள்ள வாரகம்பா அணையை வெள்ளத்தைக் கட்டுப்படுத்தச் சுமார் 14 மீட்டர் உயர்த்தும் திட்டம், 2021-இல் சுற்றுச்சூழல் அறிக்கை வரை வந்து 2023-இல் கைவிடப்பட்டது. அணைக்குக் கீழே ஹாக்ஸ்பரி ஆற்றோரம் வீடுகள் மூழ்கும்போது காடுதான் பெரிதா?

பதில் 1: காடு மட்டும் இல்லைங்க. கூட்டும் உயரம் சாதாரண நாளில் காலியாக இருக்கும், வெள்ளம் வந்தால் தண்ணீரைப் பிடித்து வைத்து அப்புறம் மெதுவாக விடுவார்கள், அந்த நாட்களில் மேலே புளூ மவுண்டன்ஸ் உலகப் பாரம்பரியப் பகுதியில் ஒரு பங்கும் குண்டுங்குரா என்ற பூர்வகுடி மக்களின் புனித இடங்களும் நீருக்கடியில் போய்விடும். போன பிறகு யார் திருப்பித் தருவது? 2019-20 காட்டுத்தீக்குப் பிறகு அங்கே கள ஆய்வைத் திரும்பச் செய்யவில்லை என்ற விமர்சனமும் வந்தது. தீ அத்தனையும் மாற்றிவிட்ட பின் பழைய கணக்கை வைத்து எப்படி முடிவெடுப்பது?

பதில் 2: இன்னொன்று, நெப்பியன், குரோஸ், கோலோ ஆறுகள் அணைக்குக் கீழேதான் வந்து சேர்கின்றன. அந்தத் தண்ணீரைச் சுவர் தடுக்காது. வெளியேறும் சாலைகளைச் சரிசெய்வதும், தாழ்வான இடத்தில் புது வீடுகள் கட்டுவதை நிறுத்துவதும் முதலில் நடக்கணும்.

கேள்வி கேட்டவர்: சரி, ஆனால் ஏற்கெனவே அங்கே குடியிருப்பவர்களுக்கு? அணையின் நீர்மட்டத்தைக் குறைத்து வைக்கலாமா?

பதில் 2: வைக்கலாம், ஆனால் சிட்னியின் குடிநீரில் சுமார் 80 சதவீதம் அங்கிருந்துதான். குறைத்தால் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைப் பெரிதாக்கணும்.