உள்ளானின் ஆட்டத்துக்கு ஒரு சொல் வேண்டும்

உதகையிலிருந்து:
வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான நீர்ப்பறவைக் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லால் தடைப்பட்டு நிற்கிறோம். ஆகஸ்டு வாக்கில் வந்து ஏப்ரல், மே வரை நம் ஏரிக்கரைகளில் தனியாகத் திரியும் சின்ன உள்ளான் பறவை, நின்றாலும் நடந்தாலும் உடம்பின் பின்பாதியை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கிறதே, அதை என்னவென்று சொல்வது? ‘வாலாட்டல்’ சரிவராது. குளிர்காலத்தில் அதே கரைகளுக்குச் சாம்பல் வாலாட்டிக் குருவியும் வருகிறது. பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.

கோவையிலிருந்து:
டீச்சர், தொல்காப்பிய உரியியலிலேயே இருக்கிறது: ‘அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கஞ் செய்யும்.’ விதிர்ப்பு என்றே வையுங்கள். கூடவே ஒன்று. உள்ளான் என்ற பெயர் ‘உள்’ளிலிருந்து வந்தது என்பது என் துணிபு. சேற்றுக்குள் அலகை விட்டு இரை தேடுவதால் உள்ளான். ‘உள்ளல்’ என்றால் நினைத்தல். தலை குனிந்து நிற்கும் நிலையும் அதற்குப் பொருந்துகிறது.

கொடைக்கானலிலிருந்து:
ஐயா, சேற்றுக்குள் துழாவுவது நீள அலகு உள்ளான்கள். மண்ணுக்குள் இருக்கும்போதே அலகின் நுனியை மட்டும் திறக்க அவற்றால் முடியும். டீச்சர் கேட்கும் பறவை கல்லிலும் ஈர மணலிலும் கண்ணால் பார்த்துப் பூச்சியைக் கொத்துவது. எங்கள் ஏரிக்கரையில் பார்த்துக்கொண்டே இருக்கலாம்: காலை ஊன்றி, அதையே அச்சாக்கி, கிணற்று ஏற்றம் போலப் பின்பக்கம் ஏறி இறங்கும். கிட்டப் போனால் விறைத்த சிறகை இடையிடையே நிறுத்தி நிறுத்திப் படபடத்து, தண்ணீரை உரசுகிற உயரத்தில் ஓடிவிடும். சிறகில் வெள்ளைக் கோடு தெரியும்.

விதிர்ப்பை நான் மறுப்பதற்குக் காரணம் வேறு. விதிர்ப்பு என்றதும் அச்சம் வந்துவிடும். இதன் அமெரிக்க உறவான புள்ளி உள்ளான் படபடப்பில் வேகமாக ஆட்டும். உண்மையிலேயே மிரண்டால் ஆட்டத்தை நிறுத்திவிடும். அதன் குஞ்சுகள் பொரித்த கொஞ்ச நேரத்திலேயே ஆட்டத் தொடங்குகின்றன. ஏன் ஆட்டுகிறது என்று ஆய்வாளர்களே இன்னும் முடிவு கட்டவில்லை. அதற்குள் காரணத்தைப் பெயருக்குள் திணிக்க வேண்டாம். ‘பின்னாட்டம்’ போதும்.

கோவையிலிருந்து:
ஏற்கிறேன். விதிர்ப்பை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘துளங்கல்’ இருக்கிறதே! சங்கப் பாட்டில் ‘துளங்கு இமில்’, அதாவது காளையின் அசையும் திமில், அச்சத்தால் ஆடுவதில்லை. ஏறு நடக்கையில் தானாக அசைகிறது. உடலின் ஒரு பகுதி மட்டும் அசைவதற்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது.

உதகையிலிருந்து:
அருமையான சொல் ஐயா. ஆனால் எங்கள் அறிவியல் பாடத்தில் ‘தூண்டல், துலங்கல்’ இருக்கிறது. ளகரமும் லகரமும் ஒரே போலக் காதில் விழும் வகுப்பில் இது நடக்காது.

குன்னூரிலிருந்து:
பின்னாட்டம் என்றால் பிறகு நடக்கும் விளையாட்டு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ‘பின்னுடலாட்டம்’ என்று விரித்தால் ஐயமில்லை. நீளமாக இருந்தால் என்ன?

கொடைக்கானலிலிருந்து:
பிள்ளைகள் பறவையைக் காட்டி, ‘பார், பின்னாட்டம் போடுது’ என்பார்கள். ‘பின்னுடலாட்டம் போடுது’ என்று எந்தப் பிள்ளை சொல்லும்? படத்தோடு வரும்போது ஐயமும் வராது.

உதகையிலிருந்து:
அச்சகத்தார் இன்று மாலையே கேட்கிறார்கள். பின்னாட்டம் என்றே போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் ‘உடலின் பின்பகுதியை மேலும் கீழும் ஆட்டுதல்’ என்ற விளக்கம் இருக்கும். இமயமலைப் பகுதியிலும் அதற்கும் வடக்கேயும் தரையில் கூடு அமைத்து நான்கு முட்டை இடும் செய்தியையும் சேர்த்திருக்கிறேன்.

கோவையிலிருந்து:
அவசரத்துக்குச் சரி. கலைச்சொல் பட்டியலில் மட்டும் துளங்கலையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். வகுப்பில் லகர ளகரம் பிரித்துச் சொல்லப் பழக்க முடியாதது அந்தச் சொல்லின் குற்றமில்லை. குன்னூர்த் தம்பி, உங்கள் பின்னுடலாட்டத்துக்கும் என் வாக்கு கிடையாது.