ஒருநாள் வெறுங்கால்: நடந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பழங்காநத்தத்தான்:
ஒருநாள் முழுக்கச் செருப்பில்லாமல் நடக்கிற இந்த நிகழ்ச்சி எங்கள் கல்லூரி என்.எஸ்.எஸ்.ஸில் (நாட்டு நலப்பணித் திட்டம்) நடந்தது. டாம்ஸ் என்ற அமெரிக்க ஷூ கம்பெனி 2008-ல் தொடங்கிவைத்த பழக்கம் அது. எங்கள் சார் எங்கேயோ படித்துவிட்டு வந்து, வறுமையை உணரணும், எல்லாரும் செருப்பைக் கழற்றுங்கள் என்றார். சித்திரை வெயில். பெரியார் பஸ் நிலையத்திலிருந்து டவுன்ஹால் ரோட்டுக்குள் நுழைவதற்குள் உள்ளங்கால் பொசுங்கிவிட்டது. நுனிக்காலில் தத்தித் தத்திப் போய் ஒரு பூக்கார அம்மாவின் குடை நிழலில் ஒதுங்கினேன். ஏற இறங்கப் பார்த்தவர், "அழகருக்கு விரதமாப்பா?" என்று கேட்டார். வறுமையை உணர வந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்ல? தலையை ஆட்டினேன். பூவுக்குத் தெளிக்க வைத்திருந்த செம்புத் தண்ணீரை என் இரண்டு காலிலும் ஊற்றிவிட்டு, என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் அம்மா வயது இருக்கும். அவருடைய ரப்பர் செருப்பு சாக்குக்கடியில் பத்திரமாக இருந்தது. சாயங்காலம் சார் ஆளுக்கொரு பக்கம் கட்டுரை எழுதச் சொன்னார். இதை மட்டும் எழுதவில்லை.

அனுப்பானடி அக்கா:
தம்பி, நம்ம ஊரில் செருப்பில்லாமல் போனால் எவனும் ஏழை என்று நினைக்கமாட்டான், மாலை போட்டிருக்கிறான் என்றுதான் நினைப்பான். தைப்பூசத்துக்கு நத்தம் ரோட்டில் பழனிக்கு நடந்தபோது எனக்குக் கொப்புளம் உடைந்துபோய் ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். மஞ்சளும் எண்ணெயும் கொண்டுவந்து கொடுத்த கடைப் பையன் காலிலும் ஒன்றுமில்லை. நீயும் நடக்கிறியாடா என்றேன். "இல்லக்கா, வார் அந்துபோச்சு. சனிக்கிழமை சம்பளம் வந்தாத்தான்" என்றான். அவன் காலை நான் கும்பிடவில்லை.

மேலூர்ப் பக்கம்:
வறுமை வறுமை என்கிறீர்கள். எங்க அப்பாவிடம் செருப்பு இருந்தது. நல்ல தோல் செருப்பு, மதுரையில் மூட்டை தூக்கிச் சேர்த்த காசில் வாங்கியது. மேலத்தெரு முனை வந்ததும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார், தெரு தாண்டியதும் போட்டுக்கொள்வார். ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் எனக்கு இலவசச் செருப்பு கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டே அந்தத் தெருவில் நடந்துவிட்டேன். திண்ணையில் இருந்தவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் வந்த அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார், அவ்வளவுதான். அப்பா நடுத்தெருவில் குத்தவைத்து என் காலிலிருந்து இரண்டையும் கழற்றினார். வார் இறுக்கமாக இருந்தது, சட்டென்று வரவில்லை. புதுச்செருப்பு, அப்படித்தானே இருக்கும்.

பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015-ல் திருத்தியபோது, பொது இடத்தில் செருப்புப் போடவிடாமல் தடுப்பது குற்றம் என்று தனியாகவே எழுதிச் சேர்த்தார்கள். நடக்காத ஒன்றுக்கா அப்படி எழுதுவார்கள்?

கோச்சடைப் பெரியவர்:
நல்ல பேச்சுக்கு நடுவில் எதற்கு சாதி? நாங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊரில் யார் காலிலும் செருப்பு கிடையாது. எருக்க இலையைக் காலுக்கடியில் வைத்து வாழைநாரால் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவோம். மகாத்மா 1921 செப்டம்பர் 22 அன்று இதே மதுரை மேலமாசி வீதியில்தான் ஏழைகளை நினைத்து அரையாடைக்கு மாறினார். அவர் சாதி பார்த்தா மாறினார்? மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தார் ரோட்டில் நடக்காதீர்கள், அதில் புண்தான் மிஞ்சும். மார்கழியில் ஆரம்பியுங்கள். முதலில் வரப்பு, அப்புறம் செம்மண், கடைசியில் சரளை. அன்றைக்குச் சாப்பாடும் கஞ்சிதான், வெங்காயம் தொட்டுக்கொள்ளலாம். செல்போனை வீட்டில் வைத்துவிட வேண்டும். குளியல் பச்சைத்தண்ணீரில். ராத்திரி பாயில்லாமல் வெறுந்தரையில் படுக்க வேண்டும். இதை ஒரு மண்டலம் செய்தால் உடம்புக்கும் நல்லது.

திருமங்கலம் நர்ஸ்:
ஐயா, வரப்பிலும் செம்மண்ணிலும் நடக்கச் சொல்லாதீர்கள். திறந்தவெளியில் மலம் கழிக்கிற இடத்து ஈரமண்ணில்தான் கொக்கிப்புழுவின் குஞ்சு இருக்கும். பாதத்துத் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கும்போது குடலுக்கு இறங்கி, அங்கே கடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கும். களையெடுக்கிற ஒரு அக்கா மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று வந்தார். கீழிமையை இழுத்துப் பார்த்தேன், சிவப்பே இல்லை. ஹீமோகுளோபின் ஆறு. மாத்திரையும் இரும்புச்சத்தும் கொடுத்து, செருப்புப் போட்டு வேலை செய்யுங்கள் என்றேன். "சேத்துல செருப்புப் போட்டா எப்படிம்மா காலெடுத்து வைக்கிறது?" என்று கேட்டார். நான் அதற்குப் பதில் சொல்லவில்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன்.

வெறுங்காலில் நடந்தே தீருவேன் என்கிறவர்கள் டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஆணி, முள் குத்தினால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள். சுண்ணாம்பு, சாணி எதுவும் வைக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் வீட்டுக்குள்ளேயே செருப்பில்லாமல் நடக்கக்கூடாது. கால் மரத்திருக்கும், குத்தினதே தெரியாது. மகாத்மா சொன்னார், முருகன் சொன்னார் என்று என்னிடம் வராதீர்கள். பிள்ளைகளுக்குப் பள்ளியில் கொடுக்கிற குடற்புழு மாத்திரையைக் கண்டிப்பாகப் போடவையுங்கள்.

மேலூர்ப் பக்கம்:
பெரியவருக்கு. காந்தி விட்டது சட்டையையும் நீள வேட்டியையும்தான், செருப்பை இல்லை. தென்னாப்பிரிக்காவிலேயே செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டவர் அவர். தைத்ததில் ஒரு ஜோடியை, தன்னைச் சிறையில் போட்ட அந்நாட்டு அமைச்சர் ஸ்மட்ஸுக்கே கொடுத்துவிட்டு வந்தார். உங்கள் ஊரில் யார் காலிலும் செருப்பு இல்லை என்கிறீர்கள், சரி. முதன்முதலில் வாங்கியவர் எந்தத் தெருக்காரர் என்று யோசித்துப் பாருங்கள்.

ஊர்ப் பேரைத் தனியாகக் கேட்கிறவர்களுக்கு: சொல்லமாட்டேன். அப்பா இன்னும் அங்கேதான் இருக்கிறார்.