டெக்சாஸ் எல்டிசி இருக்கிறது; கைத்துப்பாக்கியோடு காரில் நியூ ஜெர்சி போகலாமா?

கேட்டவர்: பிளேனோவாசி

வணக்கம். டெக்சாஸ் எல்டிசி (கைத்துப்பாக்கியைக் கூடவே வைத்துக்கொள்ளும் உரிமம்) கையில் இருக்கிறது, குடியுரிமையும் வாங்கியாயிற்று. அடுத்த மாதம் குடும்பத்தோடு பிளேனோவிலிருந்து நியூ ஜெர்சியின் எடிசனுக்குக் காரில் போகிறோம். ஏறக்குறைய 1,500 மைல். ஐ-30 பிடித்து லிட்டில் ராக், அங்கிருந்து ஐ-40-இல் மெம்ஃபிஸ், நாஷ்வில், நாக்ஸ்வில். பிறகு ஐ-81, கடைசியில் ஐ-78. எடிசனில் தங்கை வீட்டில் 5 நாள் தங்கல்.

வண்டி எஸ்யூவி, தனி டிக்கி கிடையாது. துப்பாக்கி க்ளாக் 19. கூடவே 15 ரவுண்டு மேகசின் (தோட்டா அடுக்கும் கூடு) 2, ஹாலோ பாயிண்ட் (நுனியில் குழி உள்ள) தோட்டா ஒரு பெட்டி. வழியெல்லாம் இடுப்பில் வைத்துக்கொள்ளலாமா, எங்கே கழற்ற வேண்டும்? "ஃபெடரல் சட்டம் இருக்கு, பூட்டி வச்சா எந்த மாநிலமும் தொட முடியாது" என்று ஆபீசில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். சரியா?

பதில்: ஐ81_ஓட்டுநர்

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எடிசன்தான் போய்ச் சேரும் இடமென்றால் துப்பாக்கியை பிளேனோவிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போங்கள். எத்தனை பூட்டுப் போட்டாலும் இந்தப் பயணத்துக்கு ஃபெடரல் பாதுகாப்பு கிடைக்காது.

உங்கள் ஆபீஸ் நண்பர் சொல்வது 1986-இல் வந்த ஃபோபா (துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்பு) சட்டத்தின் 926-ஏ பிரிவை. அதைப் பாதி வரைக்கும்தான் படித்திருக்கிறார். துப்பாக்கியை வைத்திருக்கவும் கூடக் கொண்டுசெல்லவும் உங்களுக்குச் சட்டப்படி உரிமை உள்ள ஓரிடத்திலிருந்து, *அதே உரிமை உள்ள இன்னொரு இடத்துக்கு* எடுத்துப் போகலாம் என்பதுதான் அந்தப் பிரிவு. நடுவில் வரும் மாநிலங்களைக் கடக்க அது துணை நிற்கும். போய் இறங்கும் ஊரில் உங்களுக்கு உரிமை இல்லையென்றால் பிரிவே பொருந்தாது. நியூ ஜெர்சி வெளிமாநிலப் பெர்மிட் எதையும் ஏற்பதில்லை. தன் வீட்டில், தன் கடையில் வைத்திருப்பவருக்கு அங்கே விலக்கு உண்டு. தங்கை வீட்டுக்கு விருந்தாளியாக வருபவருக்கு அது நீளாது.

பெர்மிட் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருப்பது அங்கே இரண்டாம் நிலைக் குற்றம்: 5 முதல் 10 ஆண்டு. கிரேவ்ஸ் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதன்படி குறைந்தது 42 மாதம் பரோலே கிடையாது. 2013-இல் ஃபிலடெல்ஃபியாக்காரர் ஷனீன் ஆலன் பென்சில்வேனியா பெர்மிட்டோடு எல்லை தாண்டிப் போய், போக்குவரத்துச் சோதனையில் நிறுத்தப்பட்டபோது துப்பாக்கி இருப்பதைத் தானே சொன்னார். அங்கேயே கைது. 2015-இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்புக் கொடுத்துத்தான் அது முடிந்தது. பக்கத்து மாநிலத்துக்காரருக்கே அந்தக் கதி.

இப்போது பாதை. ஆர்கன்சாவும் டென்னசியும் டெக்சாஸ் எல்டிசியை ஏற்கும். வெர்ஜீனியாவும் ஏற்கிறது, கூடவே போட்டோ அடையாள அட்டை இருக்க வேண்டும். மேற்கு வெர்ஜீனியாவில் ஐ-81 ஒரு 26 மைல்தான், அங்கே பெர்மிட்டே வேண்டாம். அதைத் தாண்டியதும் ஹேகர்ஸ்டவுன் பக்கம் மேரிலாந்து 12 மைல் குறுக்கே வரும். பத்துப் பன்னிரண்டு நிமிடம். அந்த 12 மைலில் உங்கள் எல்டிசி வெறும் பிளாஸ்டிக் அட்டை. பலர் மாட்டுவது இங்கேதான்: முன்பும் பின்பும் உள்ள மாநிலங்களை மட்டும் பார்த்துவிட்டு இதைத் தூக்கமாகக் கடந்துவிடுவார்கள். அடுத்து வரும் பென்சில்வேனியா எல்டிசியை ஏற்கிறது. இந்த ஏற்புப் பட்டியல்கள் மாறிக்கொண்டே இருப்பவை. ஒவ்வொரு மாநிலப் போலீஸ் அல்லது அட்டர்னி ஜெனரல் பக்கத்தையும் புறப்படுகிற வாரத்தில் பாருங்கள். ஆப்களை நம்பாதீர்கள்.

பிளேனோவாசி

விளக்கமாகச் சொன்னதற்கு நன்றி. அப்போ இப்படிக் கேட்கிறேன்: எடிசனில் தங்காமல் நேரே நியூ ஹாம்ப்ஷயர் நண்பர் வீட்டுக்குப் போவதாக இருந்தால்? அங்கே பெர்மிட் தேவையில்லை என்கிறார்களே.

பதில்: ஐ81_ஓட்டுநர்

2017-லிருந்து அங்கே பெர்மிட் வேண்டாம். அப்படியானால் தொடக்கமும் முடிவும் சட்டப்படி சரி, 926-ஏ உங்களுக்கு உதவும். ஆனால் சொன்ன மாதிரி அச்சு அசலாகச் செய்ய வேண்டும்.

மேரிலாந்து எல்லைக்கு முன்னாலேயே, மேற்கு வெர்ஜீனியாவில் மார்டின்ஸ்பர்க் பக்கம், இறங்கிச் செய்யுங்கள். மேகசினைக் கழற்றி, சேம்பரை (தோட்டா ஏறி நிற்கும் அறையை) கண்ணாலும் விரலாலும் பார்த்து, துப்பாக்கியைக் கெட்டியான பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். தோட்டாவையும் இன்னொரு பெட்டியில் பூட்டுங்கள். எஸ்யூவி, வேன், ஹேட்ச்பேக் போல ஓட்டுநர் பகுதியிலிருந்து பிரிந்த டிக்கி இல்லாத வண்டிக்குச் சட்டம் பூட்டிய பெட்டியைக் கேட்கிறது. க்ளவ் பாக்ஸும் கன்சோலும் பூட்டியிருந்தாலும் கணக்கில் வராது, சட்டத்திலேயே பெயர் சொல்லி விலக்கியிருக்கிறார்கள். பெட்டிகளை மூன்றாம் வரிசைக்குப் பின்னால், சூட்கேஸ்களுக்கு அடியில் தள்ளுங்கள். சாவி உங்கள் சாவிக்கொத்தில் வேண்டாம், ஒரு சூட்கேசுக்குள் போகட்டும்.

பெட்ரோலை முன்னாலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பெட்ரோல், கழிவறை, சாப்பாடு இவையெல்லாம் பயணத்தின் பகுதி என்று வாதாடலாம். உறவினரைப் பார்ப்பது, ஊர் சுற்றுவது, இரவு தங்குவது இவற்றுக்கு அந்த வாதம் ஓடாது. இரவு ஓய்வு வெர்ஜீனியாவிலோ பென்சில்வேனியாவிலோ இருக்கட்டும். எடிசனில் ஒரு இரவு தங்கினால்கூட முழுப் பாதுகாப்பும் போச்சு.

நியூ ஜெர்சியையும் மாசசூசெட்ஸையும் தொடாமல் போக வழி உண்டு. ஐ-81-ஐ விடாமல் பிங்ஹாம்டன் வரை ஏறி, ஐ-88-இல் ஆல்பனி பக்கம் போய், வெர்மான்ட் வழியாக நியூ ஹாம்ப்ஷயர். மேரிலாந்துக்கு அப்புறம் நியூ யார்க் ஒன்றுதான் தலைவலி. வெர்மான்டில் கைத்துப்பாக்கி மேகசினுக்கு 15 ரவுண்டு வரம்பு, உங்களுடையது அதற்குள் அடங்கும்.

மேகசின் விஷயத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. 926-ஏ பேசுவது துப்பாக்கியையும் தோட்டாவையும் மட்டும்தான், மேகசின் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. நியூ யார்க், நியூ ஜெர்சி இரண்டிலும் வரம்பு 10 ரவுண்டு. க்ளாக் 19-க்கு 10 ரவுண்டு மேகசின் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். இரண்டு வாங்கிக்கொண்டு 15-ஐ வீட்டில் வைத்துவிடுங்கள்.

பதில்: சட்டப்பித்து

மேலே சொன்னது சரி. 926-ஏ நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்பதையும் சேர்க்க வேண்டும். அது கைதைத் தடுக்கும் கேடயம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் நீதிமன்றத்தில் எடுத்துவைக்கும் தற்காப்பு வாதமாகத்தான் அது பயன்படுகிறது. சாலையில் நிற்கும் போலீஸ்காரர் முதலில் மாநிலச் சட்டத்தைத்தான் பார்ப்பார்.

ரெவெல் வழக்கைப் படித்துப் பாருங்கள். யூட்டாக்காரர். 2005-இல் நியூவார்க் வழியாகப் பென்சில்வேனியாவின் ஆலன்டவுனுக்குப் பயணம். துப்பாக்கி முறைப்படி அறிவிக்கப்பட்டு, பூட்டி, செக்-இன் பையில் இருந்தது. இணைப்பு தவறியது, பையைக் கையில் கொடுத்துவிட்டார்கள், பையோடு ஓட்டலில் ஓர் இரவு. மறுநாள் நியூவார்க் கவுன்ட்டரில் நேர்மையாகத் துப்பாக்கியை அறிவித்தார், கைதானார். குற்றச்சாட்டு பிறகு கைவிடப்பட்டது. அவர் தொடுத்த வழக்கை 2010-இல் மூன்றாவது சர்க்யூட் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிராகரித்தது: ஓட்டலில் இருந்த நேரம் துப்பாக்கி அவர் கைக்கு எட்டும்படி இருந்தது, அதனால் 926-ஏ பொருந்தாது என்று. தவறு அவருடையது இல்லை என்பதும் அங்கே உதவவில்லை. அதே ஆண்டு இரண்டாவது சர்க்யூட்டும் டொராக்கோ வழக்கில் நியூ யார்க் விமான நிலையக் கைதுகளுக்கு இந்தப் பிரிவை வைத்து இழப்பீடு கேட்க முடியாது என்றது.

2022-இல் உச்ச நீதிமன்றத்தில் வந்த ப்ரூயன் தீர்ப்புக்குப் பின் எல்லாம் மாறிவிட்டது என்று சிலர் பேசுகிறார்கள். மாறியது பெர்மிட் கொடுக்கும் முறை. "தனிப்பட்ட காரணம் காட்டு" என்று மாநிலம் கேட்க முடியாது, அவ்வளவே. பெர்மிட் வேண்டும் என்பது அப்படியேதான் இருக்கிறது. தேசிய அளவில் எல்லா மாநிலமும் ஏற்க வேண்டும் என்ற மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் தேறியது, செனட்டில் கிடப்பில் போனது. வாட்ஸ்அப்பில் "பாஸ் ஆயிடுச்சு" என்று வருவதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

போலீஸ் நிறுத்தினால் கை இரண்டும் ஸ்டியரிங் மேல். பொய் வேண்டாம். வண்டியைச் சோதிக்கச் சம்மதம் கேட்டால் மரியாதையாக மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. 926-ஏ அச்சுப்பிரதி, எல்டிசி, போய்ச் சேரும் இடத்தைக் காட்டும் முன்பதிவு இவை மேலாக எடுக்கும்படி இருக்கட்டும். க்ளவ் பாக்ஸில் துழாவ வேண்டாம்.

கேட்டவர்: அட்லாண்டா_தமிழ்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். ஜார்ஜியாவில் பெர்மிட் இல்லாமலே வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். நண்பர் துப்பாக்கியை என் காரில் வைத்து டென்னசி வரை போனால் பிரச்சினையா?

பதில்: சட்டப்பித்து

பெரிய பிரச்சினை. மாநிலம் என்ன சொன்னாலும் சரி, ஃபெடரல் சட்டம் 922(ஜி)(5) எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 போன்ற விசாக்காரர்கள் துப்பாக்கியோ *ஒரே ஒரு தோட்டாவோகூட* வைத்திருக்கத் தடை செய்கிறது. 2022 திருத்தத்துக்குப் பின் உச்ச தண்டனை 15 ஆண்டு. காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு, ஆனால் உரிமம் முடிகிற நாளோடு விலக்கும் முடிந்துவிடும். கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை இல்லை. ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) போட்டுக் காத்திருப்பதை மட்டும் வைத்துத் துணியாதீர்கள், முதலில் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள்.

கிரீன் கார்டுக்காரர்களும் கவனிக்க: குடியுரிமை வாங்கும் வரை, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்தில் தண்டனை விழுந்தாலே நாடுகடத்தலுக்கு அது தனிக் காரணம். குடிமகனுக்கு அபராதத்தோடு போவது உங்களுக்கு வாழ்க்கையையே புரட்டிவிடும்.

வீட்டில் துணைவர் எச்-4 என்றால் துப்பாக்கிப் பெட்டியின் சாவியோ ரகசிய எண்ணோ அவரிடம் இருக்கக் கூடாது. "உடைமை" என்பது கையில் பிடித்திருப்பது மட்டுமல்ல, எடுக்கும் வசதி இருப்பதும்தான். கஞ்சா மருத்துவ அட்டை வைத்திருப்பவர்களும் மாநிலச் சட்டத்தை நம்பி ஏமாறாதீர்கள், ஃபெடரல் பட்டியலில் அதுவும் வருகிறது.

பதில்: கேட்_பி22

காருக்குப் பதில் விமானம் என்று யோசிப்பவர்களுக்கு. துப்பாக்கி காலியாக, நாலா பக்கமும் கெட்டியான பெட்டியில், செக்-இன் சாமானில் மட்டும். கவுன்ட்டரில் "துப்பாக்கி அறிவிக்க வேண்டும்" என்று வாயால் சொல்லி, அட்டையில் கையெழுத்து. பூட்டின் சாவி உங்களிடம் மட்டுமே. பெட்டியின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் இடைவெளி விட்டு விரல் நுழைந்தால் திருப்பி அனுப்புவார்கள். துப்பாக்கியோடு வரும் மெல்லிய பிளாஸ்டிக் பெட்டிக்கு ஒரே பூட்டுப் போட்டால் இதுதான் நடக்கும், இரண்டு முனையிலும் போடுங்கள். தோட்டா அட்டை, மரம், பிளாஸ்டிக் அல்லது உலோகப் பெட்டியில். பையில் உதிரியாகக் கிடக்கக் கூடாது. பெரும்பாலான விமான நிறுவனங்களில் 11 பவுண்டு வரம்பு.

கைப்பையில் துப்பாக்கியை மறந்து கொண்டுபோனால் டிஎஸ்ஏ (விமான நிலையப் பாதுகாப்பு அமைப்பு) அபராதம் தனி, உள்ளூர்ப் போலீஸ் வழக்கு தனி. அபராத உச்சவரம்பு 2022 டிசம்பரில் 14,950 டாலர் ஆனது, பிறகும் ஏறியிருக்கிறது. ப்ரீசெக் (விரைவுச் சோதனைச் சலுகை) 5 ஆண்டு வரை பறிபோகும். ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சிக் களத்துக்கு) எடுத்துப்போகிற பையையே விமானத்துக்கும் எடுப்பவர்கள்தான் இதில் அதிகம் சிக்குவது.

இணைப்பு ஜேஎஃப்கே, லகார்டியா, நியூவார்க் வேண்டவே வேண்டாம். விமானம் திசைமாறி அங்கே இறங்கினால் பையை வாங்காதீர்கள், நிறுவனத்திடமே அடுத்த விமானத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.

பதில்: ஐ81_ஓட்டுநர்

இன்னொன்று விட்டுப்போச்சு. பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் ஃபெடரல் தடை இருக்கிறது. பெர்மிட் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு, ஆனால் அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த பெர்மிட்டாக இருக்க வேண்டும். டென்னசி உங்கள் எல்டிசியை ஏற்பது வேறு, டென்னசி கொடுத்தது வேறு. பெர்மிட் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்கிற மாநிலங்களிலும் இதே கதைதான். இதற்காக மட்டும் வழக்குப் போடுவது அரிது, என்றாலும் சட்டத்தின் எழுத்து இதுதான். காலியாக்கிப் பூட்டிய பெட்டிக்கு இந்தத் தடை இல்லை. தபால் நிலையத்துக்குப் பார்க்கிங் வரை தடை. தேசியப் பூங்காவில் 2010 முதல் அந்தந்த மாநிலச் சட்டம் செல்லும், கட்டடத்துக்குள் மட்டும் கூடாது.

பிளேனோவாசி

முடிவு செய்தாயிற்று, எடிசன்தான், துப்பாக்கி வீட்டில். வண்டியில் பழைய மேகசின், தோட்டா ஏதாவது கிடந்தால்?

பதில்: ஐ81_ஓட்டுநர்

கிடந்தால் வம்புதான். நியூ ஜெர்சியில் துப்பாக்கியே இல்லாவிட்டாலும் 15 ரவுண்டு மேகசின் தனிக் குற்றம், ஹாலோ பாயிண்டும் தனிக் குற்றம். ஒவ்வொன்றும் 18 மாதம் வரை போகும். சீட்டுக்கு அடி, கப் ஹோல்டர், ஸ்டெப்னி குழி, பிள்ளைகள் பை எல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். பையனின் பிபி கன் (சிறு குண்டு போடும் காற்றுத் துப்பாக்கி) இருந்தாலும் எடுத்துவிடுங்கள், அந்த மாநிலத்தில் அதுவும் துப்பாக்கிக் கணக்குதான்.