பொருள்: ரீமாஸ்டரிங், ரெஸ்டொரேஷன், டிரான்ஸ்ஃபர்: தமிழில்?

செ. எழுதியது:
இசை நடத்துநர் ஃபுர்ட்வெங்லர் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்திய பழைய பதிவுகளுக்கான குறிப்பேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தட்டு, நாடாவிலிருந்து ஒலியை எடுப்பது (டிரான்ஸ்ஃபர்), பழுது நீக்குவது (ரெஸ்டொரேஷன்), வெளியீட்டுக்குச் சீராக்குவது (ரீமாஸ்டரிங்) ஆகிய மூன்று வேலைகளுக்கும் வரைவில் 'மீட்பு' என்றே இருக்கிறது. 1937-இல் பதிவான பீத்தோவனின் ஐந்தாம் சிம்ஃபொனி நிமிடத்துக்கு 78 சுழற்சித் தட்டு; பக்கத்துக்கு நாலு நிமிடச் சொச்சம், ஒட்டுப்போட வேண்டும். 1942 மார்ச்சில் பதிவான ஒன்பதாம் சிம்ஃபொனி காந்த நாடா. ஒரே சொல் போதாது.

தி.:
டிரான்ஸ்ஃபருக்குப் 'படியெடுப்பு'. கல்வெட்டில் மைப்படி எடுப்பவர் கல்லைச் செதுக்குவதில்லை. தட்டிலிருந்து எடுப்பவரும் அப்படித்தான். ரெஸ்டொரேஷனுக்கு 'மீட்டல்'. வீணையை மீட்டுவதும் இழந்ததை மீட்பதும் ஒரே சொல்லில் வந்துவிடும்.

ப.:
ஐயா, வராது. வீணையை மீட்டினான், நாட்டை மீட்டான். இறந்தகாலமே வேறு. முன்னது விரலால் தெறிப்பது, பின்னது 'மீள்' என்பதன் பிறவினை. வேர் வேறான இரண்டை ஒலி ஒப்புமைக்காக இணைக்கலாகாது. 'ஒலி'யும் வேண்டாம், ஐம்புலனைச் சொல்லும் குறள் 'ஊறோசை' என்கிறது. 'ஓசைப் புதுக்கம்' என்க.

செ.:
புதுக்கம் என்றால் புதிதாக வாசித்ததாகப் படும். வேலையைப் பார்த்துப் பெயர் வைப்போம். அந்த 1942 நாடா நொடிக்கு 77 செ.மீ. வேகத்தில் ஓடியது. 76.2 செ.மீ. கருவியில் போட்டால் சுருதி ஏறக்குறைய 18 செண்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு செண்ட்) இறங்கும். பதிவிலேயே ஒட்டிய மின் முனகல் (50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சல்) கிடைத்தால் அதை 50 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்து திருத்தலாம். ஆனால் பின்னாளில் படியெடுத்த கருவியும் தன் முனகலைச் சேர்த்திருக்கும். அதைப் பிடித்துத் திருத்தினால் பிழை அப்படியே நிற்கும். முனகல் வேகத்தோடு மெல்ல அலைகிறதா, அசையாமல் நிற்கிறதா என்று அலைமாலையில் (ஸ்பெக்ட்ரம்) பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். இதற்குச் 'சுருதி நேராக்கம்' வேண்டும்.

வ.:
சத்தங்களுக்குச் சொல் நம்மிடமே இருக்கிறது: நாடாவில் சீறல், தட்டில் பொரிதல், கீறலில் 'டக்'. 'டக்'கை அந்தந்த இடத்தில் மட்டும் நீக்கலாம்; சீறல் பதிவு முழுக்கப் பரவியிருப்பது. அதை முழுசாகத் துடைத்தால் வயலினின் மேற்சுரமும் அரங்கின் கார்வையும் சேர்ந்து போய், நீருக்கடியில் கேட்பதுபோல் குழைகிறது. ஆகவே 'சீறல் தணிப்பு', 'சீறல் நீக்கம்' அல்ல. ரீமாஸ்டரிங்கை அப்படியே விடுங்கள், வாங்குகிறவருக்குத் தெரிந்த சொல்.

ப.:
தெரிந்த சொல் என்று விட்டுக்கொண்டே போனால் கலைச்சொல் எதற்கு? 'இறுதிச் சீராக்கம்' என்றால் யாருக்குப் புரியாது?

தி.:
'தணிப்பு' அருமை. 'மீட்டல்' விட்டேன், 'ஒலி மீட்பு' போதும். ஆனால் கண்டக்டருக்கு 'நடத்துநர்'? பேருந்துதான் நினைவுக்கு வருகிறது. 'இசை நெறியாளர்' ஆகாதா?

செ.:
அதற்கு நேரமில்லை, 'இசை நடத்துநர்' என்றே போகட்டும். படியெடுப்பு, சுருதி நேராக்கம், சீறல் தணிப்பு, மொத்தத்துக்கு ஒலி மீட்பு, ரீமாஸ்டரிங் அப்படியே. நால்வர் ஒப்பினர்.

ப.:
ரீமாஸ்டரிங்குக்கு நான் ஒப்பவில்லை. 'ஒலி'க்கும்.