பழைய சாம்ப்ளரில் ஆண்டின் கடைசி இரண்டு எண்களைக் காணோம்

ஊசிக்காது:
இங்கே லெஸ்டரில், போன ஞாயிறு பழைய சாமான் சந்தையில் 12 பவுண்டுக்கு ஒரு சாம்ப்ளர் வாங்கினேன். அந்தக் காலத்துச் சிறுமிகள் தையல் பழகிய துணி. லினன் துணி, பட்டு நூல், முழுக்கக் கிராஸ் ஸ்டிச், அதாவது பெருக்கல் குறி மாதிரித் தையல். ஆங்கில எழுத்து வரிசையில் ஜே, யூ இரண்டும் இல்லை. கீழே ஒரு பெயர், வயது 9, அப்புறம் 18 என்று ஆண்டு ஆரம்பிக்கிறது. அடுத்த இரண்டு எண்களுக்குப் பதில் வெறும் ஊசித்துளைகள். பூச்சி அரித்ததா? துணி பழுப்பேறிக் கிடக்கிறது, சோப்பு நுரையில் அலசலாமா?

நூல்கண்டு:
பூச்சிக்கு எண் பார்த்துத் தின்னத் தெரியுமா! தைத்தவளே பிரித்திருப்பாள். இவை சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியவை. வயதும் ஆண்டும் பக்கத்தில் இருந்தால், வீட்டுக்கு வருகிறவர் உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட்டுவிடுவார். அதனால் பின்னாளில் ஆண்டைப் பிரித்துவிட்ட பெண்கள் உண்டு.

ஜே இல்லாதது பிழை இல்லை. பழைய லத்தீன் வரிசையில் ஐ-தான் ஜே, வி-தான் யூ. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஜேன் பாஸ்டாக்கின் 1598 சாம்ப்ளரிலும் இந்த இரண்டும் கிடையாது, இஸட்டும் கிடையாது.

துளைகளைக் கட்டத் தாளில் குறித்துப் பாருங்கள். ஒரு தையலுக்கு நாலு மூலை. துணியைத் திருப்பியும் பாருங்கள், பின்பக்கம் வெயில் படாததால் நூலின் அசல் நிறம் இருக்கும்.

சேங்கொட்டை:
எழுத்தும் எண்ணும் தைக்கப் பழகியது அழகுக்கு மட்டும் இல்லை. படுக்கை விரிப்பின் மூலையில் வீட்டுக்காரர் பெயரின் முதலெழுத்தும், அது எத்தனையாவது விரிப்பு என்ற எண்ணும் தைக்க வேண்டும். நம் ஊரில் வெளுக்கப் போடும் துணியில் சேங்கொட்டையால் குறி வைத்தார்களே, அதே காரியம். வீட்டு வேலைக்குப் போகிற ஏழைப் பெண்களுக்கு இது சோறு போடும் வித்தை.

கத்தரிப்பூ:
தயவுசெய்து அலசாதீர்கள். என்னுடையதை வெறும் தண்ணீரில்தான் நனைத்தேன். சிவப்பு நூல் சாயம் விட்டு, வெள்ளைத் துணி முழுக்க ரோஸ் மில்க் நிறம். இன்றும் அதை எடுத்துப் பார்க்க மனசு வரவில்லை. வெயில் படாமல் வையுங்கள், பசை தடவி எதிலும் ஒட்டாதீர்கள்.

ஊசிக்காது:
சரி, அலசவில்லை. ராத்திரி பூதக்கண்ணாடி வைத்துத் துளைகளை எண்ணினேன். முதல் எண் 3, இடப்பக்கம் துளை குறைவு, 8 ஆக இருக்காது. இரண்டாவதை நன்றாகக் குத்திக் குதறிப் பிரித்திருக்கிறாள், 5 மாதிரியும் இருக்கிறது, 6 மாதிரியும் இருக்கிறது. பின்பக்கம் ஒரு நூல் துணுக்கு மாட்டிக்கொண்டிருந்தது. நல்ல கிளிப்பச்சை.